கிரீட் தீவுல துணி கட்டாயம் இல்லாத பீச்ச கண்டுபிடிக்கிறது எப்படி

என்னை சுத்தி கிரீஸ் போயிட்டு வர்றவங்க இப்ப நிறைய பேரு, ஹனிமூன் போறவங்க, ரிட்டயர் ஆனதும் ஐரோப்பா பார்க்கணும்னு கிளம்புறவங்க, ஆபிஸ்ல லீவ சேத்து வச்சு எடுத்துட்டு ஓடுறவங்க. அதுல சில பேரு தனியா வந்து கேக்குற ஒரு கேள்வி இருக்கு, அங்க துணி போடாமலும் குளிக்கலாமாமே, அந்த பீச்செல்லாம் எங்க இருக்கு, போனா யாராச்சும் ஏதும் சொல்வாங்களான்னு. கேக்குறப்பவே குரல் இறங்கிடும். மலேசியாவுல, பினாங்குல உக்காந்து கேட்டா இறங்கத்தான் செய்யும், 2014ல இங்க பினாங்கு தேசியப் பூங்காவுக்குள்ள தெலுக் கம்பியில நிர்வாண விளையாட்டுனு ஒன்னு நடந்து அதோட வீடியோ வெளிய வந்து கேஸ் கோர்ட் வரைக்கும் போனது நம்ம எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. நம்ம ஊர்ல சட்டம் அப்படி, அத மதிச்சுதான் ஆகணும். கிரீஸ்ல நடைமுறை வேற, அங்க இது சாதாரணம், ஆனா எல்லா இடத்துலயும் இல்ல, எங்க சாதாரணம்னு தெரிஞ்சிட்டு போறதுதான் முக்கியம். அதனால இத வெளிப்படையா எழுதுறேன்.

முதல்ல ஒன்னு மனசுல வச்சுக்குங்க, "நிர்வாண பீச்"னு எழுதி வச்ச போர்ட தேடாதீங்க, பீச்சோட கடைசி முனைய தேடுங்க. 1983ல கிரீஸ்ல ஒரு சட்டம் வந்துச்சு, அனுமதி வாங்கின நேச்சரிஸ்ட் சென்டருங்களுக்காக, நேச்சரிஸ்ட்னா துணியில்லாம இருக்கிறத விரும்புறவங்க, ஆனா "இது நிர்வாண பீச்"னு அரசாங்கமே குறிச்சு குடுத்த இடம்னு பார்த்தா ரொம்ப கம்மி. மத்ததெல்லாம் பழக்கத்துல வந்தது. எழுபதுகள்ல இருந்து ஜெர்மன்காரங்க, டச்சுக்காரங்க, ஏதென்ஸ் ஆளுங்கனு வருஷா வருஷம் அதே மூலைக்கு வந்து வந்து அது அவங்க மூலையாவே ஆயிடுச்சு, ஊர்க்காரங்களும் கண்டுக்கிறதில்ல. யாராச்சும் கம்ப்ளெய்ன் பண்ணா போலீஸ் வந்து துணிய போடுங்கன்னு சொல்லலாம், அது நடக்குறது ஊர் நடுவுல, குடும்பங்க உக்காந்திருக்கிற இடத்துல, சர்ச்சு பக்கத்துல செஞ்சாதான். தள்ளி இருக்கிற மூலையில யாரும் வந்து கேக்க மாட்டாங்க.

ஏன் எப்பவும் கடைசி முனைனா, கார் பார்க்கிங்கும் டவர்னாவும், டவர்னான்னா சாப்பாட்டுக்கடை, அதுவும் வாடகை குடை படுக்கையும் எங்க இருக்கோ அங்கதான் கூட்டம் நிக்கும். அதுல இருந்து நடந்து போகப் போக குடை குறையும், அப்புறம் குடையே இருக்காது, அப்புறம் ஒரு பாறை வரும், அந்த பாறைக்கு அந்தப் பக்கம் பார்த்தீங்கன்னா பாதி பேரு துணியோட பாதி பேரு துணியில்லாம, யாரும் யாரையும் பார்க்காம புக்கு படிச்சிட்டு கிடப்பாங்க. கிரீட் தெற்கு கரையில பெரும்பாலும் இதே கணக்குதான். வடக்கு கரையில பெரிய ரிசார்ட்டுங்க வரிசையா நிக்குது, ஹைவேயும் அங்கதான் ஓடுது, மூலைங்க கம்மி. தெற்க லெஃப்கா ஓரி மலை, 2,400 மீட்டருக்கு மேல உயரம், நேரா கடல்ல வந்து இறங்குது, ரோடு போட முடியாத இடம் நிறைய, ரோடு இல்லாத இடத்துலதான் இந்த பழக்கம் நின்னிருக்கு.

கோலாலம்பூர்ல வீட்டுல உக்காந்தே பாதி வேலைய முடிச்சிடலாம். கூகுள் மேப்ல சாட்டலைட் வியூ போட்டு பீச்ச பெருசு பண்ணி பாருங்க, குடை வரிசை கட்டம் கட்டமா தெரியும், அது எங்க முடியுதுன்னு பாருங்க, அதுக்கப்புறம் எவ்வளவு மணல் பாக்கி இருக்கு, அங்க போக ஒத்தையடிப் பாதை கோடு மாதிரி தெரியுதான்னு பாருங்க. அப்புறம் ரிவ்யூல நேச்சரிஸ்ட், நியூடிஸ்ட்னு தேடுங்க, ஜெர்மன்காரங்க எஃப்கேகேன்னு மூணு எழுத்து போடுவாங்க, அதையும் தேடுங்க, அவங்கதான் எந்த பாறைக்கு எந்தப் பக்கம்னு வரைக்கும் விவரமா எழுதுறவங்க. ரிவ்யூ தேதிய கட்டாயம் பாருங்க. பழைய லிஸ்ட்ட நம்பி போனா அங்க இப்ப ஒரு பீச் பார் வந்து பாட்டு போட்டுகிட்டு இருப்பான், துணி போடாத கூட்டம் இன்னும் ரெண்டு வளைவு தள்ளி போயிருக்கும். குடை வந்தா அவங்க நகர்ந்துடுவாங்க, எப்பவும்.

இன்னொரு உபயோகமான விஷயம், 2024ல இருந்து கிரேக்க அரசாங்கம் குடை படுக்கை போடவே கூடாதுன்னு சில பீச்சுங்கள லிஸ்ட் போட்டு பாதுகாக்குது, இயற்கைக்காக. அதுக்கும் நிர்வாணத்துக்கும் நேரா சம்பந்தம் இல்ல, ஆனா அமைதியான இடம் எதுன்னு தேடுறவங்களுக்கு அது நல்ல ஆரம்பம். கிரீஸ்ல கடற்கரை பொதுச்சொத்து, ஹோட்டல் முன்னாடி இருந்தாலும் மணல்ல நீங்க டவல் விரிக்கிறத யாரும் தடுக்க முடியாது, இதையும் தெரிஞ்சி வச்சுக்குங்க.

அங்க போனப்புறம் ஒரு தடவை வாய திறந்து கேட்டுடுங்க. ரூம் குடுக்குற அம்மாகிட்டயோ போட் டிக்கெட் விக்கிறவர்கிட்டயோ "எந்தப் பக்கம் குடும்பங்க போற பீச்சு, எந்தப் பக்கம் நேச்சரிஸ்ட்டுங்க போறது"ன்னு இப்படி ரெண்டையும் சேத்து கேளுங்க, நீங்க அங்க போக கேக்குறீங்களா இல்ல அத தவிர்க்க கேக்குறீங்களான்னு கூட அவங்களுக்கு தெரிய வேணாம், சாதாரணமா கைய நீட்டி காட்டுவாங்க. பீச்ல "யிம்னிஸ்மோஸ்"னு கிரேக்கத்துல எழுதி முன்னாடி "அபகொரேவெதே"ன்னு இருந்துச்சுனா இங்க கூடாதுன்னு அர்த்தம், பக்கத்துல இங்கிலீஷ்லயும் பெரும்பாலும் இருக்கும். அந்த போர்ட பார்த்தா மறு பேச்சு இல்ல, துணியோடதான்.

இப்ப இடங்களுக்கு வரேன். எனக்கு மனசுக்கு ரொம்ப பிடிச்சது ஸ்வீட்வாட்டர் பீச், கிரேக்கத்துல கிலிகா நேரா. ஸ்ஃபாக்கியா பக்கம், கோரா ஸ்ஃபாக்கியோன்னு ஒரு சின்ன துறைமுக ஊரு, அதுக்கும் லூத்ரோங்கிற ரோடே இல்லாத கிராமத்துக்கும் நடுவுல. பின்னாடி செங்குத்தா பாறைச்சுவர், முன்னாடி கூழாங்கல்லு, கடல் நீலம்னா சும்மா இல்ல. பேருக்கு காரணம் அந்த கல்லுக்கு அடியில மலையில இருந்து நல்ல தண்ணி ஊறி வருது, கடல் ஓரத்துல கையால கல்ல விலக்கி ஒரு முழங்கை ஆழம் தோண்டுனா போதும், குழியில தண்ணி தெளிவா நிறையும், பல்லு கூசுற அளவுக்கு ஜில்லுன்னு இருக்கும், வர்றவங்க அத சுத்தி கல்ல அடுக்கி சின்ன தொட்டி மாதிரி கட்டி வச்சிருப்பாங்க, ஒருத்தர் அதுல பாட்டில போட்டு வைப்பாரு, ஒருத்தர் பீச் பழத்த போட்டு வைப்பாரு, உப்பு தண்ணியில குளிச்சிட்டு வந்து அதுல மொண்டு மேல ஊத்திக்கிறது தனி சுகம். இங்க துணி போட்டவங்க போடாதவங்க ரெண்டு பேரும் கலந்து இருப்பாங்க, ஏன்னா ஈ4னு ஒரு நீண்ட நடைபாதை இந்த பீச் வழியாவே போகுது, பெரிய பூட்ஸ் போட்டு மூட்டை தூக்குன ஆளுங்க உங்கள தாண்டி போயிட்டே இருப்பாங்க, திரும்பி கூட பார்க்க மாட்டாங்க. நடந்து வர்றதா இருந்தா கோராவுல இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், நிழலே கிடையாது, பாறை ஓரத்துல போற வழி, தலை சுத்துறவங்க வேணாம், போட்லயே போங்க. பாறைச்சுவருக்கு ஒட்டி படுக்காதீங்க, மேல ஆடுங்க நடக்கும், கல்லு விழும்.

பிளாக்கியாஸ், சூயா, இந்த ரெண்டும் சுலபம். ரெண்டு ஊர்லயும் ஊர் முன்னாடியே நீளமான பீச், ரெண்டுலயும் கிழக்கு முனைக்கு நடந்தீங்கன்னா அதான் அந்த இடம். நடக்குறதுல சிரமம் இல்ல, வேணாம்னு தோணுச்சுன்னா திரும்பி வந்துடலாம், அதனால முதல் தடவை போறவங்களுக்கு நான் பிளாக்கியாஸ்தான் சொல்வேன்.

மத்தாலா தெரியாதவங்க கம்மி, அறுபதுகள்ல ஹிப்பிங்க வந்து பாறைக் குகையில தங்கின ஊரு, அந்த குகைங்க அதுக்கு ரொம்ப காலத்துக்கு முன்னாடி ரோமானியர் காலத்து கல்லறைங்க. இப்ப மத்தாலா மெயின் பீச் சுத்தமா குடும்பக் கூட்டம், அங்க துணிய கழட்டுறது தப்பு. ஊருக்கு தெற்க மலை ஏறி இறங்குனா அரை மணி நேரத்துக்குள்ள ரெட் பீச் வரும், கொக்கினி அம்மோஸ், செம்மண் கலர் மணல், அங்க பழக்கம் உண்டு. ஏறுற வழியில பாறை வழுக்கும், ஜப்பான் சிலிப்பர் போட்டுட்டு போகாதீங்க. மத்தாலாவுக்கு வடக்க கொம்மோஸ், நீண்ட மணல் கரை, கார் நிறுத்துற இடத்துல இருந்து வடக்கு பாத்து நடந்தா ஆள் குறையுற இடத்துல துணியில்லாதவங்க இருப்பாங்க. இந்த கொம்மோஸ் வெறும் பீச் இல்ல, மினோவன் காலத்து, அதாவது கிரீட்டோட பழங்கால நாகரிகத்து துறைமுகம், 1976ல இருந்து தோண்டி எடுத்தாங்க, வேலிக்குள்ள அந்த கல் சுவருங்க கடல பார்த்துட்டு நிக்குது, அந்த வேலி பக்கத்துல அம்மணமா நடக்காதீங்க, அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. அதே கரையில லாகர்ஹெட் ஆமைங்க வந்து முட்டை போடும், ஜூன்ல இருந்து, குஞ்சு பொரிச்சு கடலுக்கு போறது அக்டோபர் வரைக்கும் நடக்கும். மணல்ல கூண்டு மாதிரி கம்பி வச்சு குறிச்சிருப்பாங்க, அதுகிட்ட குடைய குத்தாதீங்க, ராத்திரி டார்ச்சு அடிக்காதீங்க. மலேசியாவுல தெரெங்கானு கரைக்கு முட்டை போட வந்த ஆமைங்க கிட்டத்தட்ட காணாமப் போனத பார்த்த நமக்கு இத தனியா சொல்ல வேண்டியதில்ல.

அப்புறம் காவ்டோஸ். கிரீட்டுக்கும் தெற்க ஒரு சின்ன தீவு, ஐரோப்பாவோட தென்கோடி அதான், வரைபடத்துல பார்த்தா ஆப்பிரிக்காவுல இருக்கிற துனிஸ் நகரம் கூட அதவிட வடக்க இருக்கு. சாராக்கினிக்கோ, ஐ யானிஸ், பொத்தாமோஸ்னு மணல் கரைங்க, ஜூனிபர் மர நிழலு, ஐ யானிஸ் பக்கம் துணி போட்டவங்களத்தான் விரல் விட்டு எண்ணணும். போட் தினமும் இருக்காது, காத்து அடிச்சா ரத்தாகும், அதனால திரும்பி பிளேன் பிடிக்கிற நாளுக்கு முதல் நாள் வரைக்கும் காவ்டோஸ்ல இருக்காதீங்க, ரெண்டு நாள் இடைவெளி விடுங்க. தண்ணி அங்க அருமையான பொருள், பார்த்து செலவழிங்க.

ஆபிஸ்ல கூட வேலை செய்யிற தங்கச்சி ஒருத்தி கேட்டா, "அக்கா, அங்க போனா எல்லாரும் கழட்டியே ஆகணுமா, நான் ஸ்விம்சூட்ல இருந்தா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?" "இல்லமா, நீ போட்டுகிட்டும் இருக்கலாம், தண்ணிக்குள்ள போய் கழட்டிட்டு வரும்போது போட்டுக்கலாம், ஒன்னுமே செய்யாம கைலிய சுத்திகிட்டு உக்காந்துட்டு வரலாம், உன் இஷ்டம். துணியோட உக்காந்துகிட்டு மத்தவங்களையே பார்த்துட்டு இருந்தாதான் தப்பு"ன்னு சொன்னேன். அதான் அங்க உள்ள ஒரே சட்டம். முகத்த பார்த்து பேசணும், யாராச்சும் தலை அசைச்சா நாமும் அசைக்கணும், பத்து மீட்டராச்சும் தள்ளி உக்காரணும் இடம் இருந்தா. போன பைக்குள்ள வச்சுடுங்க, கடல மட்டும் போட்டோ எடுக்குறேன்னு சொன்னாலும் பக்கத்துல இருக்கிறவருக்கு அது தெரியாது, அவங்க மனசு என்ன பாடு படும். டிரோன் கூடவே கூடாது. நம்மள யாராச்சும் எடுத்து வாட்ஸாப் குரூப்ல போட்டா எப்படி இருக்கும்னு நமக்கு தெரியும், நம்ம சொந்தக்காரங்க குரூப்புங்க எப்படின்னும் தெரியும், அதே பயம் அங்க படுத்திருக்கிறவங்களுக்கும் இருக்கு.

டவர்னாவுக்கு போனா துணி போட்டுக்கணும், பீச்சுக்கு ஒட்டியே இருந்தாலும் சரி. வழியில சின்ன சின்ன சர்ச்சுங்க நிறைய, கடலோரத்துலயே கட்டியிருப்பாங்க, கோயிலுக்கு போற மாதிரி தோளும் முட்டியும் மூடித்தான் உள்ள போகணும். ஸ்ஃபாக்கியா மலை கிராமங்கள்ல கறுப்பு சட்டை போட்ட பெரியவங்க காபி கடை வாசல்ல உக்காந்திருப்பாங்க, அவங்க முன்னாடி பிகினியோட பஸ் ஸ்டாப்புக்கு நடக்குறது அவங்கள அவமதிக்கிறது. பீச்சுல அவங்க நமக்கு இடம் குடுக்குறாங்க, ஊருக்குள்ள நாம அவங்களுக்கு குடுக்கணும்.

பொண்ணுங்க தனியா போறதா இருந்தா, ஜோடிங்க, வயசானவங்க உக்காந்திருக்கிற பக்கமா உக்காருங்க, திறந்தவெளியா நாலு பேரு பார்க்கிற மாதிரி இடம் நல்லது, புதர் மறைவு பாதைங்க நிறைய இருக்கிற மூலை வேணாம். ஒருத்தன் காலியான பீச்சுல வந்து ஒட்டி உக்காந்தான்னா யோசிக்காம எழுந்து துணிய போட்டுட்டு கூட்டம் இருக்கிற பக்கம் போயிடுங்க, அதுல வெக்கப்பட ஒன்னும் இல்ல, விடலன்னா சத்தமா சொல்லுங்க, பக்கத்துல இருக்கிறவங்க கட்டாயம் தட்டிக் கேப்பாங்க, அந்த மாதிரி ஆளுங்கள அவங்களுக்கும் பிடிக்காது. அவசரத்துக்கு நம்பர் 112.

வெயில பத்தி நம்மாளுங்க அசட்டையா இருப்பாங்க, நாம பார்க்காத வெயிலான்னு. அங்க காத்து வறண்டது, வேர்வை உடனே காஞ்சிடும், அதனால சுடுறதே தெரியாது, சாயந்திரம் ரூமுக்கு வந்தப்புறம்தான் தெரியும். பிறந்ததுல இருந்து வெயிலே படாத இடமெல்லாம் அன்னிக்குத்தான் முதல் தடவை வெயில பார்க்குது, நம்ம கலருக்கும் எரியும். சன்ஸ்கிரீன் தாராளமா தடவுங்க, மதியம் பன்னிரண்டுல இருந்து நாலு வரைக்கும் நிழலுக்கு போயிடுங்க. கைலி ரெண்டு எடுத்துட்டு போங்க, ஒன்னு விரிச்சு உக்கார, ஒன்னு சுத்திக்க, நம்ம பாத்தேக் கைலிக்கு ஈடா அந்த ஊர்ல எதுவும் இல்ல, சீக்கிரம் காயும், மணல் ஒட்டாது. கூழாங்கல்லு மதியத்துல காலு வைக்க முடியாது, ரப்பர் ஷூ ஒன்னு வேணும், பாறை பக்கம் கடல் முள்ளெலியும் இருக்கும்.

மாசம்னா ஜூன் இல்ல செப்டம்பர். ஜூலை ஆகஸ்டுல கிரேக்க குடும்பங்க பிள்ளைங்களோட வந்துடுவாங்க, வழக்கமா துணியில்லாத மூலையிலயும் அப்ப பிள்ளைங்க விளையாடிட்டு இருந்தா துணியோட இருக்கிறதுதான் நல்லது. அது போக வடக்கு காத்து, மெல்தெமின்னு பேரு, அந்த ரெண்டு மாசம் பலமா அடிக்கும். செப்டம்பர் கடைசியில கடல் தண்ணி இன்னும் வெதுவெதுன்னு இருக்கும், கூட்டமும் கலைஞ்சிருக்கும்.

அம்மா அப்பாவ கூட்டிட்டு போறவங்களுக்கு இதே குறிப்ப திருப்பி படிச்சா போதும். குடை இருக்கிற இடத்துலயே இருங்க, சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் குடுக்குற நீலக்கொடி வாங்கின பீச்சா பாருங்க, லைஃப்கார்டும் இருப்பாங்க, கடைசி முனைக்கு வாக்கிங் போகாதீங்க. ஆனா மேலாடை இல்லாம படுத்திருக்கிறது கிரீஸ்ல நிறைய பீச்சுல பார்க்கலாம், அத முன்கூட்டியே பெரியவங்ககிட்ட சொல்லிடுங்க, அங்க போய் அதிர்ச்சியாக வேணாம்.

போற வழி: கேஎல்ஐஏல இருந்து தோஹா, துபாய், இஸ்தான்புல் எதாச்சும் ஒன்னுல மாறி ஏதென்ஸ், அங்கிருந்து சின்ன பிளேன்ல கிரீட் மேற்குல இருக்கிற ஹானியா நகரம், இல்லனா பிரேயஸ் துறைமுகத்துல ராத்திரி கப்பல் ஏறுனா காலையில கிரீட். மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும். 2025 அக்டோபர்ல இருந்து எல்லையில கைரேகையும் முகப் படமும் எடுக்குற புது முறை வந்திருக்கு, அதனால டிரான்சிட்டுக்கு நேரம் கூட வச்சு டிக்கெட் போடுங்க. காடி வாடகைக்கு எடுக்குறதா இருந்தா ஜேபிஜேல, அதாவது நம்ம சாலைப் போக்குவரத்து இலாகாவுல, இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துக்குங்க, அங்க வலது பக்கம் ஓட்டணும், மண் ரோட்டுல போனா இன்சூரன்ஸ் செல்லாதுன்னு நிறைய ஒப்பந்தத்துல இருக்கும், கையெழுத்துக்கு முன்னாடி படிங்க. ஓட்ட பயமா இருந்தா ஹானியாவுல இருந்து கோரா ஸ்ஃபாக்கியோனுக்கு க்தெல்ங்கிற அந்த ஊர் பஸ் இருக்கு, 70 கிலோமீட்டர் சொச்சம், கடைசியில மலை இறங்குற வளைவு கேமரன் மலை ரோடு மாதிரி, வாந்தி வர்றவங்க முன் சீட்டுல உக்காருங்க.

பஸ் இறங்குனதும் நேரா துறைமுகத்துக்கு போய் அன்னிக்கு ஸ்வீட்வாட்டருக்கு சின்ன போட் எத்தனை மணிக்கு போகுது, திரும்பி எத்தனை மணிக்கு வந்து ஏத்திக்கும்னு கேட்டு போன்ல குறிச்சுக்குங்க, அலை இருந்தா அது வராது, அப்படி வரலன்னா லூத்ரோ வரைக்கும் வெளிச்சம் இருக்கும்போதே நடந்துட்டீங்கன்னா அங்க ரூமும் கிடைக்கும், காலையில கப்பலும் கிடைக்கும்.